பர்டூவின் கோடைகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் போட்டிப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரலில் முடிந்துவிடுகிறது. ஆட்டமே இல்லாத எஞ்சிய மாதங்களில், அதாவது 'ஆஃப் சீசன்' எனப்படும் இடைக்காலத்தில், ஆட்டக்காரர்கள் என்ன கற்கிறார்கள் என்பதே அடுத்த ஆண்டின் அணியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆயினும் அக்காலம் பயிற்றுநரின் கையில் முழுமையாக இல்லை. கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் என்சிஏஏ அமைப்பு 2012இல் ஆண்கள் அணிகளுக்குக் கோடைப் பயிற்சியை அனுமதித்தபோது, எட்டு வாரங்கள், வாரத்துக்கு எட்டு மணி நேரம், அதிலும் பந்தைக் கையிலெடுத்துச் செய்யும் திறன் பயிற்சிக்கு இரண்டே மணி நேரம் என வரம்பிட்டது. பின்னாளில் அது சற்றுத் தளர்ந்தது. இதற்கு அப்பால் மாணவர் தாமே சென்று பந்தெறிவது 'தன்விருப்பப் பயிற்சி'. அதைப் பற்றிப் பயிற்றுநரிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. நவம்பரில் களத்திலேயே அந்தக் கணக்கு தெரிந்துவிடும் என்பது வேறு.

இந்தக் குறுகிய அளவுக்குள் ஓர் ஆட்டக்காரர் எவ்வளவு வளர முடியும் என்பதற்கு இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆடிய ஸாக் ஈடியைவிடத் தெளிவான சான்று அரிது. ஏழடி நாலங்குல உயரம் கொண்ட இந்தக் கனடியர், சிறுவயதில் பனி ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடிவிட்டுப் பத்தாம் வகுப்புப் பருவத்தில்தான் கூடைப்பந்துக்கு வந்தவர் என்பதால், 2020இல் கல்லூரியில் சேர்ந்தபோது அவரைப் பெரிதாக எண்ணியவர்கள் குறைவு. முதலாண்டில் ஆட்டத்துக்குச் சுமார் 15 நிமிடமும் அடுத்த ஆண்டில் 19 நிமிடமும் களத்தில் நின்றவர், மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழ 32 நிமிடம் நின்றார். அவரது புள்ளிச் சராசரியும் 8.7, 14.4, 22.3, 25.2 என நான்கு ஆண்டுகளில் ஏறியது. உயரம் பிறப்பில் வந்தது. அந்த உடலை 32 நிமிடம் ஓடவைக்கும் மூச்சு அப்படி வந்ததன்று.

எனினும் ஒருவரின் வளர்ச்சி அணிக்குப் போதவில்லை. 2023 மார்ச்சில் என்சிஏஏ தொடரில், தரவரிசையில் கடைசி நிலையில் வந்த ஃபேர்லி டிக்கின்சன் அணியிடம் பர்டூ 63-58 எனத் தோற்றது. ஈடியைச் சூழ்ந்துகொண்ட எதிரணி வெளிவட்டத்தைத் திறந்துவிட்டிருந்தும், பர்டூ எறிந்த 26 மூன்று புள்ளி முயற்சிகளில் ஐந்து மட்டுமே வளையத்துக்குள் விழுந்தன. அக்கோடையில் ஈடி கனடாவுக்காக உலகக் கோப்பையில் ஆடி வெண்கலம் பெற்றார். அடுத்த பருவத்தில், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களைக் கொண்ட அணியின் மூன்று புள்ளி வெற்றி விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டியது. பர்டூ 2024இல் அத்தொடரின் இறுதி ஆட்டம் வரை சென்று கனெக்டிகட்டிடம் தோற்றது. இவ்வளர்ச்சி முழுவதும் பயிற்சிக்கூடத்தின் விளைவு என்பது மிகை. வெளிவட்டத்தில் எறியவல்ல லான்ஸ் ஜோன்ஸ் வேறொரு கல்லூரியிலிருந்து அவ்வாண்டுதான் வந்து சேர்ந்தார்.

அவ்வாறு கல்லூரி மாற விரும்புவோர் பெயரைப் பதியும் 'டிரான்ஸ்பர் போர்ட்டல்' 2018இல் தொடங்கியது. மாறியவர் ஓராண்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் 2021இல் தளர்ந்ததால், இன்று ஒரு கல்லூரி விதைத்ததை மற்றொன்று அறுக்கிறது. மூன்றாண்டு கழித்துப் பயன்தரும் பயிற்சியில் பயிற்றுநர்களுக்கு நாட்டம் குறைந்தால் அது அவர்களின் குற்றமன்று. பர்டூவின் பயிற்றுநர் மாட் பெயின்டர் இன்னும் பழைய கணக்கையே பெரிதும் நம்புகிறார்: 'ரெட்ஷர்ட்' முறையில், அதாவது தகுதியாண்டு ஒன்றை இழக்காமல் பயிற்சியில் மட்டும் பங்கேற்கும் ஏற்பாட்டில், 2021-22 பருவத்தில் ஓர் ஆட்டமும் ஆடாமல் அமர்ந்திருந்த டிரே காஃப்மன்-ரென், 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுத்தார்.