உறையின் கனம்

தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பங் கோரி வர்த்தமானியில் அறிவித்தல் வெளியாகும் போதெல்லாம் நமது பாடசாலைகளில் ஒரு பரபரப்பு எழுகின்றது. கேட்கப்பட்ட பத்திரங்கள் சில; இணைக்கப்படுபவையோ பல! முதலுதவி வகுப்புச் சான்றிதழ், பேச்சுப் போட்டிப் பரிசு, மதகுருவின் கடிதம், பிரமுகரின் சிபாரிசு — யாவும் உறையினுட் புகுந்து கொள்கின்றன. “இருந்தால் நல்லதுதானே” என்பது பெற்றோரின் சமாதானம்.

யாருக்கு நல்லது? இதுவே நமது கேள்வி.

தோட்டத்து லயமொன்றில், பாரிசவாதத்தால் வீழ்ந்த பாட்டியை ஆண்டுக்கணக்காகக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப் புண் வராது காத்த மாணவியொருத்தியை எண்ணிப் பாருங்கள். தாதித் தொழிலின் முதற் பாடத்தை அவள் கற்றுவிட்டாள். அதற்குச் சான்றிதழ் தருபவர் யார்? பணங்கட்டி வாரஇறுதி வகுப்பிற் சேர்ந்தவளிடமோ முத்திரை பதித்த தாள் இருக்கின்றது. உறையின் கனம் திறமையின் கனமன்று. குடும்பத்தின் பணத்தினதும் தொடர்பினதும் கனமே!

“கருணையைப் பரீட்சைப் புள்ளி காட்டுமா?” எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. நாம் புள்ளியை வழிபடுவோரல்லர். ஆனால், புள்ளி காட்டாத கருணையைப் பிரமுகரின் கடிதத் தாள் காட்டிவிடுமா?

வரலாற்றைப் பாருங்கள். யமேக்காவிற் பிறந்து, பனாமாவில் வாந்திபேதி நோயாளரைப் பராமரித்த மேரி சீக்கோல், 1854இல் கிரிமியப் போர்க்களத்துக்குத் தாதியாகச் செல்ல இலண்டனில் வாசல் வாசலாக விண்ணப்பித்தாள். அனுபவமும் இருந்தது, நற்சான்றும் இருந்தது. எனினும் எல்லா வாசல்களும் மூடப்பட்டன. தன் நிறமே காரணமோ என 1857இல் வெளியிட்ட நூலில் அவள் வினவினாள். பின்னர் சொந்தச் செலவிலேயே அவள் போர்க்களஞ் சென்றாள். நற்சான்று, ஏற்கெனவே திறந்த கதவைத்தான் திறக்கும்!

1920களில் ஹாவார்ட் பல்கலைக்கழகம், பரீட்சையிற் சிறந்த யூத மாணவரின் தொகையைக் குறைக்கக் கையாண்ட கருவி யாது? “குணநலன்” என்னும் பெயரில் வந்த சிபாரிசுக் கடிதமும் நேர்முகமுமே. அளவுகோலில்லாத இடத்தில் அதிகாரியின் விருப்பே அளவுகோலாகின்றது.

தனியொரு மாணவியைப் பார்த்து, “உன் தாள்களை நீக்கு” என நாம் கூறவில்லை. மற்றையோர் இணைக்கும்போது நீக்குபவளே நட்டமடைவாள். ஆகவே விதியே மாற வேண்டும். கேட்கப்படாத எதனையும் தேர்வாளர் வாசிக்கலாகாது. இது அறிவித்தலிலேயே மும்மொழியிலும் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். குணத்தை அறிய விரும்பின், எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேளுங்கள். ஒரே முறையிற் புள்ளியிடுங்கள். தாதிப் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பம் ஏற்கும் பிரித்தானியப் பல்கலைக்கழகப் பொது அனுமதிச் சேவை, நீண்ட தன்விளக்கக் கட்டுரையைக் கைவிட்டு, 2026ஆம் ஆண்டு அனுமதி முதல் யாவர்க்கும் பொதுவான மூன்று வினாக்களை வைத்துள்ளது. அது முழு நீதியன்று. ஆனால் லயத்துப் பாட்டியைப் பற்றி எழுத அங்கே ஓரிடமாவது உண்டு.

ஆசிரிய நண்பர்களே! அந்த நற்சான்றுகளை எழுதும் கைகள் நம்முடையவை. எந்த மாணவிக்கு நாம் தாராளமாக எழுதுகிறோம்? எவளை வாசலில் நிற்க வைக்கிறோம்? முதலில் இதற்கு விடை கூறுவோம். பின்னர் அதிகாரிகளிடம் விடை கேட்போம்.