குளம் இருந்தால்தானே வாத்து வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லைச் சீமைக் குளங்களில் புள்ளிமூக்கு வாத்தையும் சிறகியையும் வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிப்பவரைத் தண்டிக்கட்டும். ஆனால் நெல்லை நயினார்குளம்போல் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் மூடிய குளங்களுக்கு யார் பதில் சொல்வது?

இதே சீமையின் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாகி, 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. இமயம் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே வந்திறங்குகின்றன. அந்த மக்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் குளத்துக்கு மணிமுத்தாற்றுத் தண்ணீர் எட்டாத ஆண்டில் அவர்கள்தான் என்ன செய்ய முடியும்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கால்வாய்களைத் தூர்வார வேண்டும். குளங்களில் சாக்கடை கலப்பதை நிறுத்த வேண்டும். வலசைக் காலத்தில் வனத்துறை இரவு ரோந்தும் வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை.