பேரேடும் ஒரு பிரதிதான்

அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பலவற்றில் கணக்கியலுக்கு இன்னும் திண்ணையில்தான் இடம். ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர் போன்ற பெயர்பெற்ற கல்லூரிகளில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கலாம். கணக்கியலில் வாங்க முடியாது. தத்துவமும் வரலாறும் கணிதமும் மனத்தை விரிக்கும் படிப்புகள், கணக்கியல் வேலைக்கான பயிற்சி, அதை வணிகப் பள்ளிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அங்குள்ள பேராசிரியர்கள் பலரின் எண்ணம். இதற்கு மாறாக நடக்கும் கல்லூரிகளும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வொர்செஸ்டர் நகரில் இயேசு சபையினர் நிறுவிய ஹோலி கிராஸ் கல்லூரி பொருளாதாரத்தையும் கணக்கியலையும் ஒரே துறைக்குள் வைத்திருக்கிறது. அங்கே கணக்கியல் படித்து முடிப்பவருக்குக் கிடைப்பது பி.ஏ. பட்டம். கலிஃபோர்னியாவின் கிளேர்மாண்ட் மெக்கென்னா கல்லூரி பொருளாதாரத்தோடு கணக்கியலை இணைத்து முதன்மைப் பாடமாக்கியிருக்கிறது. இவர்கள் செய்வதுதான் சரி என்பது என் கட்சி. படித்தவுடன் வேலை கிடைக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கணக்கியலில் கடினமானது கூட்டல் கழித்தல் அல்ல. ஒரு செலவை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது, ஒரு ஆவணத்தை எந்த அளவுக்கு நம்புவது என்று தீர்மானிப்பதுதான் கடினம். அந்தத் திறமை வளர்வதற்கு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பற்றும் வரவுமாக எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கி அச்சான முதல் நூல் 1494இல் வெனிஸில் வெளிவந்தது. எழுதியவர் லூக்கா பாசியோலி, பிரான்சிஸ்கன் துறவி, கணித ஆசிரியர். எண்கணிதம், வடிவியல், விகிதம் பற்றிய பெரிய நூலின் ஒரு பகுதியாகவே வெனிஸ் வணிகர்களின் கணக்கு முறையை அவர் வைத்தார். பின்னாளில் அவர் விகிதங்களைப் பற்றி எழுதிய மற்றொரு நூலுக்குப் படம் வரைந்தவர் லியோனார்டோ டா வின்சி. பழமை மட்டுமே ஒரு பாடத்துக்குத் தகுதியாகிவிடாது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

அண்மைக்கால முறைகேடுகள் இதைவிட வலுவான சான்று. 2002 ஜூனில் வேர்ல்டுகாம் என்ற தொலைபேசி நிறுவனம் 380 கோடி டாலர் செலவைத் தவறாகப் பதிந்திருந்ததை ஒப்புக்கொண்டது. பின்னர் அந்தத் தொகை 1,000 கோடியைத் தாண்டியது. செய்த காரியம் எளிமையானது. மற்ற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்துவதற்குக் கொடுக்கும் கட்டணம் அந்தந்த ஆண்டின் சாதாரணச் செலவு. அதை இலாப நட்டக் கணக்கிலிருந்து எடுத்து, இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக எழுதினார்கள். செலவாக எழுதினால் இந்த ஆண்டு இலாபத்தை முழுசாகத் தின்றுவிடும். சொத்தாக எழுதினால் பல ஆண்டுகளுக்குத் தேய்மானமாகச் சிறிது சிறிதாகக் கரையும். பற்றும் வரவும் பொருந்தின, இருப்பாய்வும் ஒத்துப்போனது. கூட்டலைச் சரிபார்ப்பவருக்கு அதில் பிழையே தெரியாது. ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பணத்தால் அடுத்த ஆண்டு நமக்கு என்ன பயன், பயன் இல்லாத ஒன்றை எப்படிச் சொத்து என்பது? இது வரையறை பற்றிய கேள்வி, தத்துவ வகுப்பில் மாணவர்கள் வாரந்தோறும் பழகும் வகையைச் சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் உள்தணிக்கைக் குழுவினர் அதை விடாப்பிடியாகக் கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது.

ஆவணத்தை நம்புவது பற்றி நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. ஹைதராபாத்தின் சத்யம் கணினி நிறுவனம் கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரியில் அதன் தலைவரே கடிதம் எழுதினார். அந்நிறுவனத்தின் பங்குகள் நியூயார்க் சந்தையிலும் விற்கப்பட்டதால் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமும் விசாரித்தது. தணிக்கையாளர் வங்கியிடம் இருப்பை உறுதிப்படுத்தக் கேட்கும் கடிதம் தணிக்கையாளரின் கையிலிருந்தே போக வேண்டும், பதிலும் அவர் கைக்கே நேராக வர வேண்டும். சத்யத்தில் அந்தக் கடிதங்களை அனுப்பும் வேலையும் பதிலைப் பெறும் வேலையும் நிறுவனத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன என்று ஆணையம் கண்டது. பதினோரு ஆண்டு கழித்து, 2020இல், ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் பிலிப்பைன்ஸில் இரண்டு வங்கிகளில் வைத்திருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோவும் இப்படித்தான் மறைந்தது. அந்த ஆவணங்கள் போலி என்று வங்கிகளே சொல்லிவிட்டன. வரலாற்று மாணவர் ஒரு செப்பேட்டையோ பழைய கடிதத்தையோ எடுத்தவுடன் கேட்பது என்ன? இதை எழுதியது யார், யாருக்காக எழுதினார், யார் யார் கைமாறி இங்கே வந்தது? தணிக்கையாளரும் கேட்க வேண்டியது இதையேதான். இந்த விதி எல்லாத் தணிக்கைப் பாடநூலிலும் இருக்கிறது. மனப்பாடம் செய்த விதி, காலக்கெடு நெருக்கும்போதும் வாடிக்கையாளர் முகம் சுளிக்கும்போதும் நழுவிவிடும். நான்கு ஆண்டு நூறு ஆவணங்களைச் சந்தேகித்துப் பழகியவருக்கு அது அவ்வளவு எளிதில் நழுவாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். கணக்கு மோசடியால் கவிழ்ந்த என்ரான் நிறுவனத்தை நடத்தியவர்கள் படிக்காதவர்களா? அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங் ஹார்வர்டில் படித்தவர். பரந்த படிப்பு யாரையும் யோக்கியராக்கிவிடாது என்பதை மறுக்க முடியாது, மறுக்கவும் மாட்டேன். நான் கேட்பது அதைவிடச் சிறிய ஒன்று. ஏமாற்றுபவரின் குணத்தை எந்தக் கல்லூரியும் மாற்றாமல் போகலாம். எதிரே உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பவரின் கண்ணைக் கூர்மையாக்க முடியும். ஒழுக்கத்துக்கென்று தனியாக ஒரு தாள் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு இங்கேதான் வேறுபாடு.

கணக்கியல் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்குத் திருப்பிக் கொடுப்பதும் பெரிது. 1840களில் மிசிசிப்பியில் வாழ்ந்த தாமஸ் அஃப்லெக், பருத்தித் தோட்ட உரிமையாளர்களுக்கென அச்சிட்ட கணக்குப் புத்தகம் ஒன்றை விற்றார். யார் ஒரு நாளில் எத்தனை பவுண்டு பருத்தி பறித்தார் என்று எழுத அதில் கட்டங்கள். இன்னொரு பக்கத்தில் அடிமைகளின் பட்டியல்: பெயர், வயது, ஆண்டுத் தொடக்கத்தில் மதிப்பு, ஆண்டு முடிவில் மதிப்பு. வளர்ந்த குழந்தையின் மதிப்பு ஏறும். முதுமை அடைந்தவரின் மதிப்பு இறங்கும். கெய்ட்லின் ரோசன்தால் என்ற வரலாற்றாசிரியர் 2018இல் வெளியிட்ட நூலில் இந்தப் புத்தகங்களை வரிவரியாக ஆராய்ந்தார். தேய்மானம் என்றால் என்னவென்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் பக்கத்தின் கொடூரம் முழுதாக விளங்கும். மனிதரை எருதோடும் இயந்திரத்தோடும் ஒரே பத்தியில் வைப்பது எப்படி ஒரு சாதாரண அலுவலக வேலையாயிற்று என்பது அப்போதுதான் தெரியும். அமெரிக்க வரலாறு படிக்கும் மாணவருக்குப் பேரேடு வாசிக்கத் தெரியாதது ஒரு குறை என்றே நான் நினைக்கிறேன்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று நீண்ட காலமாக இருந்தது. அமெரிக்காவில் சி.பி.ஏ. எனப்படும் பொதுக் கணக்காளர் உரிமம் பெற 150 கிரெடிட் மணிநேர அளவிலான கல்லூரிப் பாடங்கள் வேண்டும் என்று, 1980களில் ஃபுளோரிடாவில் தொடங்கி, மாநிலங்கள் ஒவ்வொன்றாக விதித்தன. நான்கு ஆண்டுப் பட்டத்தில் கிடைப்பது சுமார் 120. மீதி முப்பதுக்காக ஐந்தாம் ஆண்டு படிக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். முதுகலை வகுப்பு இல்லாத சிறு கல்லூரிகளுக்கு இது பெரிய அடி. இப்போது அந்தச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது. பட்டமும் இரண்டு ஆண்டு அனுபவமும் சி.பி.ஏ. தேர்வில் தேர்ச்சியும் இருந்தால் போதும் என்ற மாற்று வழிக்கு ஓஹையோ மாநிலம் 2025 ஜனவரியில் சட்டம் இயற்றியது. வேறு மாநிலங்களும் அதே வழியில் போகின்றன.

சிறு துறையில் பாடங்கள் குறைவு, வரிச் சட்டத்தின் நுணுக்கங்களையும் அரசுக் கணக்குகளையும் விரிவாகக் கற்பிக்க ஆள் இருக்காது என்பது உண்மை. வரிச் சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். கல்லூரியில் எவ்வளவு படித்தாலும் வேலையில் சேர்ந்தபின் மறுபடி படிக்கத்தான் வேண்டும். வேலை கொடுப்பவர்களும் இதை அறிந்தவர்கள். 1989இல் அமெரிக்காவின் எட்டுப் பெரிய தணிக்கை நிறுவனங்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, எழுதவும் பேசவும் சிந்திக்கவும் தெரிந்த, பரந்த பொதுக் கல்வி பெற்ற பட்டதாரிகளைக் கேட்டது. பதிவு எழுதுவதையும் வங்கி இருப்பை ஒத்துப்பார்ப்பதையும் மென்பொருள் எடுத்துக்கொண்ட இன்றைக்கு அந்தக் கோரிக்கை முன்னைவிட அவசரமானது. ஆம்ஹர்ஸ்டும் வில்லியம்ஸும் பெரிய வணிகத் துறை எதையும் தொடங்க வேண்டியதில்லை. பொருளாதாரத் துறைக்குள் இரண்டு ஆசிரியர்கள், கணக்கியலில் ஐந்தாறு தாள்கள், வரலாற்றுத் துறையோடு சேர்ந்து நடத்தும் ஒரு தணிக்கை வகுப்பு: தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.