மக்கரோனியும் ஐஸ் பெட்டியும்

தவக்காலம் பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் வங்காலை வீடுகளின் அடுப்படியில் ஒரு சிறு வழக்கு எழுவதுண்டு. சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது. கடற்கரையில் வாழ்வோர்க்கு அது தவமே அன்று எனப் பெரியோர் நகைப்பர். மீனுக்குக் குறைவில்லாத வீட்டில், மீனைத் தவிர வேறெதையேனும் தாருங்கள் என்று கேட்பவர்கள் பிள்ளைகளே. அவர்கள் கேட்கும் பண்டங்களுள் சீஸ் சேர்த்த மக்கரோனிக்கே நம் வீட்டில் முதலிடம். ஆயினும் சீஸ் மலிவான பொருளன்று, பால்மாவும் அவ்வாறே. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய்மார் நாளாந்தம் அடுப்பின்முன் நின்று பால் கிண்டிக்கொண்டிருத்தலும் இயலாது. ஒருமுறை செய்து, உறையவைத்து, வேண்டியபோது எடுத்துச் சூடாக்கினால் என்ன என்று எண்ணுவது இயல்பே.

நாமும் அவ்வாறு எண்ணினோம். பெரிய சட்டி நிறையச் செய்து, சூடாறியதும் சட்டியோடே குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தோம். நான்காம் நாள் எடுத்துச் சூடாக்கியபோது குழல்கள் களியாகியிருந்தன. பால் திரிந்தாற்போல் மணல்மணலாகப் பிரிந்திருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. பிள்ளைகள் ஒரு வாய் உண்டு எழுந்துவிட்டனர். இருநூறு கிராம் சீஸ் நாய்க்குப் போயிற்று.

அடுத்த வளவில் வாழும் அம்மையார் ஒருவர் மீன்வாடியில் நெடுங்காலம் வேலை செய்தவர். மக்கரோனி செய்து அறியாதவர். அவரிடம் நம் துயரத்தைச் சொன்னபோது சட்டியைப் பார்த்துவிட்டு, “ரீச்சர், மீனைக் குமிச்சு வைச்சு மேலால ஐஸ் போட்டா உள்ளுக்குப் பிடிக்குமே? பரப்பியல்லோ வைக்க வேணும்” என்றார். வாடியில் ரெஜிபோம் பெட்டியினுள் ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன் என மாறிமாறி இடுவதை நாம் எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம். கண்டும் நமக்கு அது தோன்றவில்லை.

அவர் சொன்னதில் பெரியதோர் உண்மை அடங்கியுள்ளது. ஒரு பண்டம் மெதுவாக உறையும்போது அதனுள் இருக்கும் நீர் பெரிய பெரிய பனிப் பளிங்குகளாகத் திரள்கிறது. அவை உணவின் நுண்ணிய அமைப்பைக் கிழித்துவிடுகின்றன. இளகும்போது நீர் வேறு, சாரம் வேறாகப் பிரிகிறது. விரைந்து உறைந்தாலோ பளிங்குகள் சிறியனவாக நிற்கும், கேடும் குறையும். அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்சை என்பவர் 1910களில் கனடாவின் லாபிரடோர்க் கரையில் வாழ்ந்தபோது, அந்நாட்டு இனுயிற் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் கணத்தில் உறைந்து, பின்னர் இளகியபோதும் புதுமீன்போலவே இருந்ததைக் கண்டார். விரைவாய் உறையவைத்த உணவை விற்கும் தொழில் அங்கே கண்ட காட்சியிலிருந்து பிறந்தது. அதற்கும் மீன்பிடிக்கும் மக்களே ஆசிரியராயினர் என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும்.

இனிச் சமையலுக்கு வருவோம். மக்கரோனி 250 கிராம், மாஜரீன் அல்லது பட்டர் 50 கிராம், கோதுமைமா 50 கிராம், பால் 800 மில்லிலீற்றர், சீஸ் 200 கிராம். பசும்பால் கிடையாதெனில் ஆடை நீக்காத பால்மா 100 கிராமை 750 மில்லிலீற்றர் நீரில் கரைத்தால் போதும். ரின்பாலை எடுத்துவிடாதீர்கள், நம் கடைகளில் அப்பெயரால் விற்பது பெரும்பாலும் சீனி சேர்த்த பால். அதனைச் சேர்த்தால் வருவது வட்டிலப்பத்துக்கு உறவான ஏதோ ஒன்றாயிருக்கும்.

உடனே உண்பதற்காயின் இத்தனை பால் வேண்டியதில்லை. உறையவைக்கும் மக்கரோனிக்கோ பாற்குழம்பு சற்று நீர்த்திருத்தலே நன்று. குழல்கள் பெட்டியினுள் இருக்கும்போதும், பின்னர்ச் சூடேறும்போதும் குழம்பை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். அதனாலேதான் அவற்றை உப்பு நீரில் அவிக்கையில், பொதியில் குறித்த நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே வடித்துவிட வேண்டும். கடித்தால் நடுவில் சிறு உறுதி தென்பட வேண்டும். மீதி வேக்காடு மறுசூட்டில் வரும்.

மாஜரீனை மெல்லிய நெருப்பில் உருக்கி, மாவையிட்டு, நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, இளஞ்சூடான பாலைச் சிறிது சிறிதாக வார்த்துக் கிண்டுக. சோளமா வேண்டாம், சோளமாக் குழம்பு உறைந்து இளகும்போது கோதுமைமாக் குழம்பிலும் அதிகமாக நீர்விடும். அகப்பையின் முதுகில் குழம்பு படிந்து நின்றதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். சீஸ் சேர்ப்பது இறக்கிய பிறகே. கொதிக்கும் குழம்பில் சீஸை இட்டால் அதிலுள்ள புரதம் சுருங்கிக் கொழுப்பைக் கக்கிவிடும். நாம் கண்ட மணலும் எண்ணெயும் அதன் விளைவே.

எந்தச் சீஸ் என்பதும் கேள்வியே. செடார் போன்ற முதிர்ந்த சீஸில் மணமுண்டு, ஆனால் எளிதிற் பிரியும். வெள்ளித்தாளில் சுற்றிய முக்கோணத் துண்டுகளாக வருகின்ற பதப்படுத்திய சீஸில் மணம் குறைவு, ஆனால் பிரியாது. சுவிற்சலாந்தின் தூன் நகரில் 1911ஆம் ஆண்டில் வால்ட்டர் கெர்பர், பிரிட்ஸ் ஸ்டெட்லர் என்னும் இருவர், சோடியம் சித்திரேற்று என்னும் உப்பைச் சேர்த்துச் சீஸை உருக்கினால் கொழுப்பும் நீரும் ஒன்றாகவே நிற்கும் எனக் கண்டனர். அவ்வகை உப்புகளே இன்றும் அத்துண்டுகளில் உள்ளன. ஆகவே பாதிக்குப் பாதி கலப்பதே நமது முடிவு. மணமும் வேண்டும், ஒற்றுமையும் வேண்டும். மிளகுதூள் ஒரு சிட்டிகை. உப்பைச் சுவைபார்த்த பின்னரே, ஏனெனில் சீஸிலேயே உப்பு உண்டு.

கலந்ததும் சட்டியைக் குளிர்நீர்த் தொட்டியில் வைத்துக் கிண்டி ஆறவிட்டு, ஒருவேளைக்கு ஒரு பெட்டியாக, இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேற்படாமல் பரப்புங்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துள் அவை குளிருக்குப் போய்விட வேண்டும். மேற்பரப்பில் காற்றுப் படாதவாறு மெல்லிய பொலித்தீன் தாளை ஒட்டி அழுத்தி மூடியிடுக. உறையும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது தனித்தனியே வைத்தல் நன்று. நாளைக் குறித்துவைத்து ஒரு மாதத்துள் முடித்துவிடுங்கள். பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் நிற்கும் பெரிய உறைபெட்டி உடையவர்கள் இரண்டு மாதம்வரை வைக்கலாம்.

மறுசூட்டிலும் அவசரம் ஆகாது. முதல்நாள் இரவே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடிய தகரப் பாத்திரத்தில் இட்டு, இடியப்பம் அவிக்கும் சட்டியில் ஆவியில் வையுங்கள். நடுப்பகுதியும் ஆவிபறக்கச் சூடேறியபின் ஒருமுறை மெல்லக் கிளறினால் போதும். நேரடி நெருப்பில் அடி கருகுமுன் மேல் சூடேறுவதில்லை. ஆவியில் அந்தத் தொல்லை இல்லை. நண்டுச் சதை சேர்க்க விரும்புவோர் அதனை இந்த வேளையில், புதிதாக அவித்துச் சேர்ப்பது நலம்.

ஒன்று மட்டும் மிச்சம். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு நம் நினைவிலிருந்து அகலவில்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தது. நிறைந்த உறைபெட்டி, கதவைத் திறவாதிருந்தால், ஏறத்தாழ 48 மணி நேரம் குளிர் காக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். குளிர்சாதனப் பெட்டியின் சிறிய மேல்தட்டை அவ்வளவு நம்பிவிட முடியாது. வீட்டில் ஆளில்லாத வேளையில் மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அறிய ஓர் உபாயம் உண்டு. சிறு கிண்ணத்தில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் மேலேயே இருந்தால் அச்சமில்லை. பனிக்கட்டியின் அடியில் கிடந்தால், உள்ளே இருந்தவை முழுவதும் இளகி மீண்டும் உறைந்தவை. பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுக்கலாகாது. நம் வீட்டுக் கிண்ணத்தில் கிடப்பது பழைய இரண்டு ரூபாய்க் குற்றி. அடுத்த வளவு அம்மையாரும் தம் மீன் பெட்டியில் இப்போது ஒன்று வைத்திருக்கிறார்.