திறக்கும் நாள் எப்போது?



பிரான்சுக்கு வந்து குடியமர்ந்த எங்கள் குடும்பங்கள் பலவற்றின் வீடுகளில் ஒரு சிவப்பு வைன் போத்தல் குசினி அலுமாரிக்கு மேலே நின்றுகொண்டிருக்கும். நத்தாருக்கு வேலைத்தளத்தில் கொடுத்ததாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து தந்ததாகவும் இருக்கலாம். "வைன் பழசாகப் பழசாகத்தான் நல்லது" என்று யாரோ சொன்னதை நம்பி, ஐந்தாறு வருடம் அடுப்புச் சூட்டில் அதை வைத்திருப்போம். பிறகு ஒருநாள் விருந்தினர் வந்ததும் திறந்தால் வினாகிரி மணம்தான் வரும்.

குடிப்பதும் குடிக்காமல் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் வாழ வந்த நாட்டு மக்கள் எதை மதிக்கிறார்கள், ஏன் மதிக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது எங்களுக்கு உதவும். அதனால் இம்முறை வைன் முதிர்வது பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

எங்கள் ஊர்க் கள்ளு காலையில் இனிக்கும், பின்னேரம் புளிக்கும், அடுத்த நாள் ஊற்ற வேண்டியதுதான். வைனிலும் பெரும்பகுதி இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. கடையில் ஐந்து ஆறு யூரோவுக்கு வாங்கும் போத்தலை வருடக்கணக்கில் வைத்திருப்பதால் அது உயர்ந்த வைன் ஆகிவிடாது. முதிர்ந்து சிறக்கும் வைன் வெகு சிலதுதான். அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

போர்தோ நகரத்துக்கு வடக்கே சுமார் 50 கிலோமீற்றர் தூரத்தில், ஜிரோந்து ஆற்றின் கரையில் போயாக் என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் சத்தோ லத்தூர் தோட்டம். அதன் லேபிளில் ஒரு கோபுரம் இருக்கும். தோட்டத்தில் இப்போது நிற்கும் கோபுரம் 17ஆம் நூற்றாண்டில் புறாக்களுக்காகக் கட்டியது. 1855இல் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பரிசில் உலகக் கண்காட்சி நடந்தபோது போர்தோ வைன்களைத் தரம் பிரித்தார்கள். முதல் தரத்தில் வைக்கப்பட்டவை நான்கு. லபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். அதன்பின் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது ஒன்றே ஒன்று. அது 1973இல் சேர்ந்த மூத்தோன் ரொத்ஷில்ட்.

லத்தூர் தோட்டத்து நிலம் பார்வைக்கு மிக ஏழ்மையானது. மண்ணை விடக் கூழாங்கல்தான் அதிகம். மழைநீர் தங்காமல் இறங்கிவிடுவதால் கொடியின் வேர் தண்ணீர் தேடி ஆழமாகப் போகிறது. கல் பகலில் சூடேறி இரவில் அந்தச் சூட்டை விடுகிறது. பக்கத்தில் அகன்ற ஆறு இருப்பதால் கடும் உறைபனியும் ஓரளவு தணிகிறது. அங்கே பெரும்பங்கு கபர்னே சோவிஞோன் என்ற முந்திரிகை இனம். பழம் சிறியது, தோல் தடித்தது, நிறம் கறுப்பு.

அந்தத் தோலிலும் விதையிலும்தான் விடயம் இருக்கிறது. வாழைக்காயைக் கடித்தால் நாக்கில் ஒரு கயர் பிடிக்கும். சீனி போடாத கடும் சாயத் தேநீரிலும் அதே கயர் உண்டு. பிரெஞ்சில் இதைத் தானின் என்பார்கள். இது உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு போகிறது. பழச்சாறு நொதிக்கும்போது தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்து ஊறுவதால் நிறமும் கயரும் வைனுக்குள் இறங்குகின்றன. பிறகு 225 லீற்றர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் ஒன்றரை வருடம் அளவில் வைத்திருப்பார்கள். மரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் கயரும் மணமும் கொடுக்கிறது.

மரக்கறி மட்டும் உண்பவர்கள் கவனிக்க: போர்தோவில் பல தோட்டங்கள் வைனைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய வழக்கம். அதில் உள்ள புரதம் கடுங்கயரைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும்.

இளம் போயாக் வைனை வாயில் வைத்தால் பலருக்கு முகம் சுளிக்கும். கறுப்பு நிறச் சிறுபழங்களின் மணமும், புதிதாகச் சீவிய பென்சில் மணமும் வரும். ஆனால் கயர் முன்னுக்கு நிற்கும். போத்தலில் வருடங்கள் போகப்போக அந்தக் கயர்ப் பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று கோர்த்துப் பெரிதாகி, ஒரு பகுதி மண்டியாக அடியில் படிகிறது. தக்கை வழியாக மிகச் சிறிதளவு காற்று உள்ளே போவதும் இந்த மாற்றத்துக்கு உதவுகிறது. கருஞ்சிவப்பு மெல்ல மெல்லச் செங்கல் நிறமாக மாறும். பழ மணம் குறைந்து, பதப்படுத்திய புகையிலை, தோல், மழை பெய்த காட்டு இலை போன்ற மணங்கள் எழும். வாயில் கயர் வழுவழுப்பாகிவிடும்.

ஆக, முதிர்வதற்குக் கயர் மட்டும் போதாது. புளிப்பும் வேண்டும், பழச்சத்தும் வேண்டும். பழச்சத்துக் குறைந்த வைனில் பழம் முதலில் செத்துப்போய்க் கயர் மட்டும் மிஞ்சும். அதனால்தான் ஆண்டைப் பார்க்கிறார்கள். போயாக்கில் 1961, 1982, 2000, 2005, 2010, 2016 ஆகியவை பேர் பெற்ற ஆண்டுகள். நல்ல ஆண்டு லத்தூர் ஐம்பது வருடமும் தாங்கும். இளங்கொடிகளின் பழத்தை முதல் வைனில் சேர்ப்பதில்லை. அதைக்கொண்டு 1966 அறுவடையிலிருந்து லே ஃபோர் து லத்தூர் என்ற இரண்டாவது வைன் செய்கிறார்கள். 2012இல் லத்தூர் தோட்டம், பீப்பாயில் இருக்கும்போதே முன்விற்பனை செய்யும் போர்தோ வழக்கத்தை விட்டுவிட்டது. முதிர்ந்த பிறகே வெளியே விடுவது என்று தீர்மானித்தது. விலை ஒரு போத்தலுக்குப் பல நூறு யூரோ. எங்களைப் போன்றவர்களின் ஒரு கிழமைச் சம்பளத்துக்கும் மேல். ஆனால் அதே ஊரில் அதே இனப் பழத்தில் செய்யும் வேறு வைன்கள் மிகக் குறைந்த விலைக்கு உண்டு. அவற்றிலும் பத்து இருபது வருடம் தாங்குபவை இருக்கின்றன.

அப்படி ஒரு போத்தல் எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் நம்மவர் ஒருவருக்குக் கிடைத்தது. ஓய்வு பெற இருந்த பிரெஞ்சுத் தொழிலாளி ஒருவர் 2019இல் கொடுத்தார். 2016ஆம் ஆண்டுப் போயாக். நம்மவர் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. யாருடையவோ பிறந்தநாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று மனைவியும் அவரும் பேசி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெரியவர்தான் விளக்கினார். 2016 அவர்களுடைய மகள் பிறந்த ஆண்டு. அந்த வைன் பீப்பாயில் கிடந்து கடைக்கு வரும்வரை மூன்று வருடம் காத்திருந்து வாங்கியிருக்கிறார். பிள்ளைக்கு 20 வயதாகும்போது, 2036இல், திறக்க வேண்டும் என்றார்.

நம்மவர் என்னிடம் தமிழில் சொன்னார்: "அண்ணை, எங்களுக்கு ஒரு வருச விசா. அடுத்த வருசம் இஞ்சை விடுவாங்களோ தெரியாது. இவர் இருபது வருசத்துக்குக் கணக்குப் பாக்கிறார்."

அதை நான் பெரியவருக்கு மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அந்தப் போத்தல் பிறந்தநாள் வீட்டுக்குப் போகவில்லை. இப்போது அவர்களுடைய கட்டடத்துக் காவில் படுத்திருக்கிறது. பெற்றோர் குடிக்காவிட்டாலும் அது மகளுக்குரியது. அவளே முடிவு செய்யட்டும். இந்நாட்டில் பிள்ளை பிறந்த ஆண்டு வைனைக் கொடுப்பவர், உங்கள் பிள்ளை இங்கேயே வளர்ந்து பெரியவளாகும் என்று எண்ணித்தான் கொடுக்கிறார். அதை அறியாமல் கைமாற்றிவிடக் கூடாது.

உங்கள் வீட்டிலும் ஒரு போத்தல் இருந்தால் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

லேபிளில் ஆண்டையும் ஊரையும் பாருங்கள். சாதாரண வைன் என்றால் வைத்திருக்காமல் திறந்துவிடுங்கள். முதிரக்கூடியது என்றால் படுக்க வையுங்கள். தக்கை ஈரமாக இருந்தால்தான் சுருங்காது, காற்றுப் புகாது. 12, 13 பாகை அளவான, சூடு ஏறி இறங்காத, இருட்டான இடம் நல்லது. காவ் இல்லாதவர்கள் வெளிச்சம் படாத, ஹீற்றருக்குத் தூரமான அலுமாரியின் அடித்தட்டில் வைக்கலாம். ஆனால் அங்கே சீக்கிரம் முதிரும். திறப்பதற்கு முதல் நாள் நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் சேரும். மெதுவாக ஊற்றி, கடைசிக் கலங்கலைப் போத்தலிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று. எவ்வளவு உயர்ந்த வைனும் மதுதான். கிழமைக்கு 10 கிண்ணத்துக்கு மேலோ, நாளுக்கு 2 கிண்ணத்துக்கு மேலோ வேண்டாம், குடிக்காத நாட்களும் இருக்க வேண்டும் என்பதே பிரெஞ்சுச் சுகாதாரத் துறையின் ஆலோசனை. கர்ப்பிணிகளுக்கு ஒரு துளியும் ஆகாது. தனியறையில் இருந்து தனிமைக்காகக் குடிக்கும் எங்கள் தம்பிமாருக்கு இது தெரிய வேண்டும். நல்ல வைனை இந்நாட்டவர் சாப்பாட்டு மேசையில், நாலு பேரோடு, ஒரு கிண்ணத்தை ஒரு மணித்தியாலம் வைத்துப் பேசிப் பேசித்தான் குடிக்கிறார்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.