ஓடும் பொதியில்

பலர்க்கும் உரிய இடத்தைப் பண்டைத் தமிழர் மன்றம் என்றும் பொதியில் என்றும் வழங்கினர். பொது இல் என்பதே பொதியில் என்றாயிற்று. அங்கே ஊரார் கூடுவர், வழிப்போக்கர் தங்குவர். அஃது எவர் ஒருவர்க்கும் தனியுரிமை உடையதன்று. ஆதலினாலேயே அதனைப் பேணும் கடமை எல்லார்க்கும் இருந்தது. இக்காலத்துச் சென்னை மாநகரில் அத்தகைய பொதியில் ஒன்று நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே இயங்கும் மின்சார இரயில்வண்டியே அது.

இரும்பு என்னும் சொல்லும் பாதை என்னும் சொல்லும் புணர்ந்து இருப்புப்பாதை என்றாகும் என்பதை நீவிர் இலக்கணத்தில் கற்றிருப்பீர். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமைந்தது. மீட்டர் அகலம் உடைய அப்பாதையில் தென்னிந்திய இரயில்வே வண்டிகளை இயக்கிற்று. 1908ஆம் ஆண்டில் எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டது. விழுப்புரம், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களுக்குச் செல்வோர் அங்கிருந்தே புறப்பட்டனர். ஆயினும், அது பெரும்பாலும் நெடுந்தொலைவு செல்வோர்க்குரிய வழியாகவே இருந்தது.

பின்னர் நகரம் விரிந்தது. 1920களில் மாம்பலத்துப் பேரேரியின் பரப்பைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தனர். மேற்கிலும் தெற்கிலும் குடியேறினோர், கோட்டையிலும் துறைமுகத்தருகிலும் இருந்த பணியிடங்களுக்கு நாள்தோறும் சென்று மீள வேண்டியவராயினர். அடுத்தடுத்து நிலையங்கள் உள்ள பாதையில், நின்று நின்று செல்வதற்கு நீராவி வண்டி ஏற்றதன்று. அது விரைவு கொள்ளுமுன்னே அடுத்த நிலையம் வந்துவிடும். பாதையின் முடிவை அடைந்தால் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டவும் வேண்டும். மின்சார வண்டியோ புறப்பட்ட சிறிது நேரத்திலேயே விரைவு கொள்ளும்; இருமுனையிலும் ஓட்டுநர் அறை உடையதாதலின் வந்த வழியே உடனே திரும்பும். 1925இல் பம்பாயில் மின்சார வண்டி ஓடத் தொடங்கிற்று. 1931ஆம் ஆண்டில் கடற்கரை – தாம்பரம் பாதையில் அஃது ஓடிற்று. இந்திய நாட்டில் மீட்டர் அகலப் பாதையில் மின்சார வண்டி ஓடியது இங்கேதான் முதன்முதலாகும். எழுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பின்னர், 2004ஆம் ஆண்டில் அம்மீட்டர் பாதை வண்டிகள் ஓய்வு பெற்றன. இன்று ஓடுபவை அகலப்பாதை வண்டிகள். தண்டவாளம் மாறியது, வண்டி மாறியது, ஆனால் அவ்வழி எல்லார்க்கும் பொது என்னும் இயல்பு மாறவில்லை.

ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியின் நிலையங்களை எண்ணிப் பாருங்கள். பூங்கா நிலையத்தில் இறங்குவோர் எதிரே உள்ள சென்ட்ரல் நிலையத்துக்கும் அரசினர் பொது மருத்துவமனைக்கும் செல்வர். கிண்டியில் தொழிற்பேட்டைத் தொழிலாளர் இறங்குவர். மீனம்பாக்கத்தில் விமான நிலையம் உள்ளது. தோல் பதனிடும் தொழிற்சாலையால் பெயர் பெற்றது குரோம்பேட்டை. அதற்கப்பால், 1928இல் காசநோயாளர்க்கென நிறுவப்பெற்ற மருத்துவமனையின் பெயரையே தாங்கி நிற்கிறது தாம்பரம் சானடோரியம். கூலியாளும் அலுவலரும், பூக்காரியும் பேராசிரியரும், நோயாளியும் மருத்துவரும் ஒரே வண்டியில் ஏறுகின்றனர். ஒரே பலகையில் தோளோடு தோள் உரச அமர்கின்றனர். தெருவில் நடப்பதற்கும் குளத்தில் நீர் மொள்ளுவதற்கும் சாதி பார்த்த நாட்டில், அருகில் அமர்ந்திருப்பவர் யாவர் என்று வினவாமல் மக்கள் பயணம் செய்யக் கற்றது சிறிய செய்தியன்று. அறிவுரையால் எளிதிற் கைகூடாததை ஒரு மரப்பலகை ஓரளவேனும் செய்து காட்டிற்று. இஃதே இவ்வழியின் தலையாய பயன் என்பது எம் கருத்து.

ஆயின், பொதுப்பொருளுக்கு ஓர் இடர் உண்டு. 'ஊர்ப்பொருள் யார்பொருளோ' என்று கருதி, அதனைப் பாழாக்குவோர் தோன்றிவிடுவர். இருக்கையின்மேற் காலை நீட்டுவோரும், மகளிர்க்குரிய பெட்டியில் ஏறும் ஆடவரும், உமிழ்ந்தும் குப்பையிட்டும் வண்டியைக் கெடுப்போரும் இன்றும் உளர். கல்லூரி மாணவர் சிலர், 'இவ்வழி எங்களுடையது' என்று கூறிக் குழுவாகப் பிரிந்து ஒருவரையொருவர் தாக்குவதைச் செய்தித்தாள்களில் படிக்கும்போது நெஞ்சு வருந்துகிறது. பொதியிலைத் தம் குழுவுக்கே உரியதென்று கூறுவோர், பொது என்னும் சொல்லின் பொருளையே அறியாதவர் அல்லரோ?

'யான் பணம் கொடுத்துச் சீட்டுப் பெற்றிருக்கிறேன். என்னைக் கேட்பவர் யார்?' என்று சிலர் வினவுவர். இவ்வினாவை ஆராய்வோம். புறநகர் வண்டியின் கட்டணம் மிகக் குறைவு. பருவச்சீட்டு வைத்திருப்போர்க்கோ அது மேலும் குறைகிறது. வண்டியை இயக்கும் செலவு முழுவதையும் நாம் கொடுக்கும் காசு ஈடுசெய்வதில்லை. எஞ்சியதைப் பொதுப்பணமே தாங்குகிறது. இவ்வண்டியில் ஒருநாளும் ஏறாத உழவனும் அதில் ஒரு பங்கு தருகிறான். எனவே, சீட்டு என்பது நமக்கு ஓர் இடத்தைத் தருகிறதேயன்றி, வண்டியை உடைமையாகத் தருவதில்லை.

குறை பயணிகளிடத்து மட்டுமே உள்ளதென்று கூறின் அது நடுநிலையாகாது. 2018ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பரங்கிமலை நிலையத்தில், படியில் தொங்கிச் சென்றோர் தடுப்புச்சுவரில் மோதி உயிரிழந்தனர். வண்டிப் போக்கு ஒழுங்காக நடவாமையால் அன்று கூட்டம் மிகுந்திருந்தது. விளையாட்டாகத் தொங்குவோர் வேறு; உள்ளே இடமின்றித் தொங்குவோர் வேறு. முன்னவர்க்கு அறிவுரை வேண்டும். பின்னவர்க்கு வேண்டுவது இன்னும் ஒரு வண்டி. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் இப்பாதையில் குளிரூட்டப்பட்ட வண்டியும் ஓடத் தொடங்கிற்று. அதன் கதவுகள் தாமே மூடிக்கொள்ளும், கட்டணமோ மிகுதி. அதனை வேண்டாவென்று கூறுவது முறையன்று. முதியோர்க்கும் நோயாளர்க்கும் அது நன்மையே. ஆனால், குளிர்வண்டிகள் பெருகப் பெருக, எளியோர் ஏறும் வண்டிகள் குறையலாகாது. பொருளுடையோர் ஒரு வண்டியிலும் இல்லாதோர் மற்றொரு வண்டியிலும் என்று பிரிந்துவிடின், தோளோடு தோள் உரசிய அப்பழக்கம் அழிந்துபோம். மூடும் கதவு அனைவர்க்கும் கிடைக்க வேண்டிய காப்பேயன்றி, மிகுந்த விலை கொடுப்போர்க்கு மட்டும் உரிய வசதியன்று.

மாணவர்களே! நீவிர் நாளை இவ்வழியிலோ இதனை ஒத்த பிற வழியிலோ பயணம் செய்வீர். இறங்குவோர்க்கு முதலில் வழிவிடுங்கள். முதியோர்க்கும் கைக்குழந்தையுடன் வரும் தாயர்க்கும் எழுந்து இடம் கொடுங்கள். கண்ணிழந்த வணிகர் பொருள் விற்று வருங்கால் ஒதுங்கி நில்லுங்கள். வண்டி குறைவாயின் உரியவர்க்கு முறைப்படி எழுதிக் கேளுங்கள். கேட்பது உம் உரிமை. உரிமையைக் கேட்கும் வாயும் கடமையைச் செய்யும் கையும் ஒருவரிடத்தே அமைதல் வேண்டும். முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற இப்பொதியில், நமக்குப் பின் வருவோர்க்கும் பொதியிலாகவே இருத்தல் வேண்டும். அதனைக் காக்கும் பொறுப்பு, ஏறி அமரும் ஒவ்வொருவர்க்கும் உரியது.