பச்சை மரத்தில் பெட்டி செய்யலாமா? அரும்பாவூர் பக்கம் ஒரு பார்வை!

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை தாலுகாவில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். இந்தப் பேரைக் கேட்டதும் சிலை வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஞாபகம் வருவது கல்லும் அல்ல, பஞ்சலோகமும் அல்ல, மரம்தான். இங்கும் பக்கத்து ஊரான தழுதாழையிலும் செதுக்கப்படும் சாமி சிலைகளும் தேர்ச் சிற்பங்களும் வெளியூர்க் கோயில்கள் வரை போகின்றன. 2020 மே மாதம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடவே குறியீடு வாங்கியது தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு.

வாகை, மா, வேம்பு என்று சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் மரங்கள்தான் இங்கே பெரும்பாலும் சிலையாகின்றன. அதிலும் ஒரே கட்டையில் செதுக்குவதுதான் ஊரின் அடையாளம். ஒட்டு கிடையாது. அதனால் உளி ஓர் இடத்தில் ஆழமாக இறங்கிவிட்டால் திருத்த வழியும் கிடையாது.

ஆனால், வீட்டில் சொந்தக் கையால் ஒரு நகைப்பெட்டியோ அஞ்சறைப்பெட்டியோ செய்ய ஆசைப்படுகிறவருக்கு ஒட்டு இல்லாமல் முடியாது. ஒரே கட்டையைக் குடைந்தால் குங்குமச் சிமிழ் வரும். பெட்டி என்றால் பலகை வேண்டும், மூலை வேண்டும், மூடி வேண்டும். சிலையோ பெட்டியோ, இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான். மரத்துக்குள் இருக்கும் ஈரம்.

வெட்டிய மரம் காயும்போது நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை; அகலவாக்கில்தான் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. அதனால்தான் பலகை வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, வெடிக்கிறது. வெட்டுமுனை வழியாக ஈரம் சீக்கிரம் வெளியேறுவதால் வெடிப்பும் அங்கேதான் முதலில் தெரியும். கட்டையின் இரண்டு முனைகளிலும் சாணியோ பெயின்ட்டோ மெழுகோ பூசி வைப்பது இதற்காகத்தான். பலகைகளுக்கு இடையில் சின்னச் சின்ன குச்சிகள் வைத்து, நிழலில், காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது பொதுவான கணக்கு.

அவ்வளவு பொறுமை இல்லையா? பழைய மரச்சாமான் கடைக்குப் போகலாம். இடித்த வீட்டின் கதவு, ஜன்னல் சட்டமெல்லாம் பல ஆண்டுகள் காய்ந்த மரம். உள்ளே ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் ஆணி போதும், இழைப்புளியின் அலகு பல்லிளித்துவிடும்.

எட்டு அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம், மூன்று அங்குல உயரம். முதல் பெட்டிக்கு இது போதும். வாள், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், பென்சில். மெஷின் எதுவும் வேண்டாம்.

முதலில் பலகையின் ஒரு முகத்தை மட்டும் இழைத்துச் சமமாக்க வேண்டும். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நேரான குச்சிகளைப் பலகையின் இரு முனையிலும் வைத்து, ஒரு பக்கமாகக் குனிந்து பாருங்கள். குச்சிகள் இணையாகத் தெரியவில்லை என்றால் மேடான மூலையை இன்னும் இழைக்க வேண்டும். அந்த முகம் சரியான பிறகு, அதற்கு மூலைமட்டம் வைத்து ஒரு விளிம்பு. அப்புறம்தான் மறுபக்க முகமும் மறு விளிம்பும். இந்த வரிசையை மாற்றினால் எந்தப் பக்கத்தை நம்பி அளப்பது என்றே தெரியாமல் போய்விடும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அவசரப்பட்டு நேராக மூலை வெட்டப் போவார்கள். பெட்டி ஆடுவது அங்கேதான் தொடங்குகிறது.

நான்கு பக்கங்களையும் ஒரே நீளப் பலகையிலிருந்து வரிசையாக அறுத்தால், மரத்தின் ரேகை மூன்று மூலைகளிலும் தொடர்ந்து ஓடும். பார்க்க அழகு. மூலைக்குப் புறாவால் இணைப்பு பலமானது. கை பழகாதவர்கள் ஒரு பலகையின் முனையில் படி வெட்டி, மற்றதை அதில் உட்கார வைத்து ஒட்டலாம். பசை காய்வதற்குள் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரம் தப்பவில்லை.

அடிப்பலகையை மட்டும் ஒட்டவே கூடாது. பக்கங்களில் வெட்டிய பள்ளத்துக்குள் கொஞ்சம் இடைவெளி விட்டுச் செருக வேண்டும். ஐப்பசி மழையில் மரக்கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுக்குமே, அதே வேலையை அந்தப் பலகையும் செய்யும். ஒட்டிவிட்டால் ஒன்று அது வெடிக்கும், இல்லை மூலையைப் பிளக்கும்.

மரத்தைப் பற்றிப் பேசும்போது இதே மாவட்டத்தின் சாத்தனூரைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டு பழையது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னார். உளி இறங்காத ஒரே பெரம்பலூர் மரம் அதுதான்!

உளி இறங்கும் மரங்களின் கதைதான் சிக்கல். கணினியில் படம் ஏற்றினால் மெஷினே செதுக்கித் தள்ளும் காலம் இது. புவிசார் குறியீடு ஊர்ப் பேருக்குக் காவல் தரும். உளி பிடிக்க ஓர் இளைஞரை உட்கார வைக்காது. கைவேலைச் சிலைக்குப் பேரம் பேசுகிறவர்கள், சொந்தமாக ஒரு சின்னப் பெட்டி செய்து பார்த்தால் அந்த விலையில் எத்தனை நாள் அடங்கியிருக்கிறது என்று புரியும்.

மூடிக்கு ஒரு தந்திரம் உண்டு. அதைத் தனியாகச் செய்து பொருத்த வேண்டாம். மேல் பலகையையும் அடிப்பலகை மாதிரியே பள்ளத்தில் செருகி, முழுதாக மூடிய பெட்டியாகவே செய்யுங்கள். பிறகு மேலிருந்து முக்கால் அங்குலத்தில் நான்கு பக்கமும் கோடு போட்டு, வாளால் சுற்றி அறுத்தால் மூடி தனியாக வந்துவிடும். அளவு பிசகவே வாய்ப்பில்லை.

கடைசியாக உப்புத்தாள், பிறகு ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் காயாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப் போடுங்கள். அஞ்சறைப்பெட்டி என்றால் உள்பக்கத்துக்கு வார்னிஷ் வேண்டாம். கடுகும் சீரகமும் அந்த வாடையை உடனே பிடித்துக்கொள்ளும்.